களத்து நெல்லும் திண்ணைக் கணக்கும்: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து எண்சுவடிக் கல்வி குறித்த ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

திண்ணைப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட எண்சுவடிக் கணக்கு பொருள் உணராத வெறும் மனப்பாடம் என்ற மதிப்பீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாகி இன்றுவரை நீடிக்கிறது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவற்றின் உள்ளமைப்பை ஆராய்ந்து, அம்மதிப்பீடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை காண்கிறது. கோட்டையும் களஞ்சியமும் நெல்வயலும் சூழ்ந்த செஞ்சி வட்டாரம் ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்சுவடி, கீழ்வாய் இலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று, திண்ணைப்பள்ளி, மேல்வாரம், செஞ்சி

கோட்டையும் களஞ்சியமும்

செஞ்சிக் கோட்டைக்கு வருவோர் பெரும்பாலும் இராசகிரியின் உயரத்தையும் கல்யாண மகாலின் அடுக்குகளையும் கண்டு மீள்கின்றனர். மலையடிவாரத்தில் தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்டு நிற்கும் களஞ்சியத்தின் முன் நின்று பார்ப்போர் குறைவு. கணக்கு வரலாற்றை ஆராய்வோருக்கு அக்கட்டடமே முதன்மையானது. மராத்திய மன்னர் இராசாராம் 1689ஆம் ஆண்டின் இறுதியில் இக்கோட்டையை அடைந்தார். 1690 முதல் 1698 வரை சுல்பிகர் கான் தலைமையிலான முகலாயப் படை இதனை முற்றுகையிட்டது. இத்தனை நீண்ட முற்றுகையைத் தாங்கக் கோட்டைக்கு மதிலும் பீரங்கியும் மட்டும் போதா. உள்ளே எத்தனை கலம் நெல் உள்ளது, நாளொன்றுக்கு எத்தனை நாழி செலவாகிறது, இருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று கணிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

நாயக்கர் ஆட்சியில் இருந்த செஞ்சி 1649இல் பீசப்பூர் சுல்தானின் வசமாயிற்று. 1677இல் சிவாசி கைப்பற்றினார். 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் ஐந்து அதிகாரங்கள் இங்குக் கைமாறின. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த தேசிங்குராசனைக் கதைப்பாடல் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆள்வோர் மாறும்தோறும் மேலிடத்து ஆவணமொழி பாரசீகமாகவும் மராத்தியாகவும் பிரெஞ்சாகவும் மாறியது. ஊர்க்கணக்கோ தமிழில், ஓலையில், ஊர்க் கணக்குப்பிள்ளையின் கையில் இருந்தது. அறுவடை முடிந்த களத்தில் மேல்வாரம் எவ்வளவு, குடிவாரம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தது அந்தக் கணக்கே. எந்தக் கொடி பறந்தாலும் வரியின் வேர் அங்குதான் இருந்தது.

அக்கணக்கைக் கற்ற இடம் திண்ணைப்பள்ளி. அங்கே சிறுவன் எண்ணை எவ்வாறு அறிந்தான் என்பதே நம் வினா.

பெயருக்குள் இருக்கும் கணக்கு

முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் தமிழ்மரபு வழங்கும். இன்றைய பள்ளியில் குழந்தை முழு எண்களில் சில ஆண்டுகள் பழகிய பின்னரே பின்னத்தைச் சந்திக்கிறது. திண்ணைப்பள்ளியில் எண் வரிசையைச் சொல்லும் பொன்னிலக்கத்திலேயே பின்னமும் அடங்கியிருந்தது. முந்திரி, அரைக்காணி, காணி, அரைமா, முக்காணி, மா, மாகாணி, இருமா, அரைக்கால், மும்மா, நாலுமா, கால், அரை, முக்கால் எனச் செல்லும் வரிசையில் மிகச் சிறியது முந்திரி. ஒன்றில் 320இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே, முந்திரியையே ஒன்றாகக் கொண்டு இதே வரிசை கீழ்முந்திரி முதலாக மீண்டும் தொடங்கும்.

320 என்ற எண் ஏன்? இதற்கு விடை அப்பெயர்களிலேயே கிடைக்கிறது. ஒன்றை அரையாக்கி, காலாக்கி, அரைக்காலாக்கிச் செல்லும் பாதியாக்கும் வழி ஒன்று. அது பதினாறில் ஒன்றில் வந்து நிற்கும். ஒன்றை இருபது கூறாக்கி மா என்று கொண்டு, மாவின் காலைக் காணி என்றும் காணியின் காலை முந்திரி என்றும் பகுக்கும் வழி மற்றொன்று. இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடமே முந்திரி. ஒரு மா என்பது பதினாறு முந்திரி. பதினாறில் ஒரு பங்கு என்பது இருபது முந்திரி. இருபதும் பதினாறும் பெருகி வருவது 320.

பதினாறில் ஒன்றுக்கு வழங்கும் மாகாணி என்ற பெயர் இச்சந்திப்பை வெளிப்படையாகவே சொல்கிறது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூடினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. வெவ்வேறு பகுதியெண் கொண்ட பின்னங்களைக் கூட்டுவது இன்று ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவரையும் தடுமாற வைக்கும் பாடம். அதே கூட்டல் இங்கே ஒரு சொல்லாக நாவில் ஏறிவிடுகிறது. அரைக்கால் என்ற சொல்லில் இருப்பதோ பெருக்கல்: காலில் அரை. முக்காலில் இருப்பது மடங்கு. இவற்றைச் சொல்லிப் பழகிய சிறுவன் அவற்றுள் கணக்கு இருப்பதை முதல்நாளே உணர்ந்திருப்பான் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உணரும் நாளில் அவன் கையில் பொருள் ஆயத்தமாக இருந்தது.

நெல்லிலக்கத்தின் பொருத்தம்

பொன்னிலக்கத்துக்கு அடுத்தது நெல்லிலக்கம். 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இப்பெயர்களில் பெரும்பாலானவை தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளிலும் காணப்படுவன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லில் ஏறிய சொற்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறுவன் மணலில் எழுதிப் பழகினான்.

இவ்வாய்பாட்டில் இரண்டு இரண்டாகப் பெருகும் ஒழுங்கு இரு இடங்களில் உடைகிறது. அடியில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்றும் உச்சியில் மூன்று தூணி ஒரு கலம் என்றும் வருகிறது. ஒழுங்கின்மை போலத் தோன்றும் இவ்விடங்களைப் பொன்னிலக்கத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஒரு கலம் 96 நாழி. ஒரு நாழி 40 செவிடு. ஆகவே ஒரு கலம் 3840 செவிடு. இதனை 320ஆல் வகுத்தால் மீதியின்றிப் பன்னிரண்டு வரும். கலத்தில் முந்திரி என்பது பன்னிரண்டு செவிடு, அதாவது ஓர் உழக்கும் இரண்டு செவிடும். கலத்தில் மாகாணி ஆறு நாழி. கலத்தில் மா நாலு நாழி, ஓர் உரி, ஓர் உழக்கு, இரண்டு செவிடு. செவிட்டில் ஐந்து என்ற எண் இல்லாவிடில் இருபதில் ஒரு பங்கு எந்த அளவையிலும் நிறைவாக அமையாது. பாதியாக்கும் அளவைகளில் எப்போதும் எச்சம் நிற்கும். ஐந்து இருப்பதால் கணக்கில் உள்ள எந்தக் கீழ்வாய்ப் பங்கையும் களத்தில் உள்ள கலமாகவும் நாழியாகவும் செவிடாகவும் பிசிறின்றி மாற்ற இயலுகிறது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். களத்தில் குவிந்த நெல் 27 கலம். அதில் ஒரு மா பங்கை முதலில் எடுக்க வேண்டும் எனக் கொள்வோம். 20 கலத்துக்கு மா ஒரு கலம். மீதமுள்ள ஏழு கலத்துக்கு, கலத்தில் மாவை ஏழால் பெருக்க, ஒரு தூணி, ஒரு நாழி, ஓர் உரி, நாலு செவிடு. ஆக எடுக்க வேண்டியது ஒரு கலம், ஒரு தூணி, ஒரு நாழி, ஓர் உரி, நாலு செவிடு. நெல்லின் அளவில் எச்சம் எதுவும் இல்லை. தாளும் எழுதுகோலும் இன்றிக் களத்து மேட்டில் நின்றவாறே இதைச் சொல்ல முடிந்தவனே கணக்கன் எனப்பட்டான்.

இத்தகைய முதல்பங்குகள் கற்பனையல்ல. செஞ்சிக்கு வடக்கே செங்கல்பட்டுச் சாகீரில் 1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு நடத்திய நிலஅளவையின்போது திரட்டப்பட்ட ஊர்க்கணக்குகள், விளைச்சலிலிருந்து கோயிலுக்கும் கணக்கருக்கும் காவலுக்கும் கொல்லருக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் பிறருக்கும் கழிக்கப்பட்ட பங்குகளைக் காட்டுகின்றன. அத்தனை பங்கும் கழிந்த பிறகே மேல்வாரமும் குடிவாரமும் பிரியும். ஒரு பங்கில் நேரும் பிழை அடுத்தடுத்த எல்லாப் பங்குகளையும் பாதிக்கும். கணக்கின் நுட்பம் இங்கே அறிவு விளையாட்டு அன்று. ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு.

நாணயத்திலும் இதே பொருத்தம் உண்டு. கும்பினியாரின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். ஆகவே பணத்தில் காணி ஒரு காசு. மா நாலு காசு. மாகாணி ஐந்து காசு. நிலத்திலோ சொல்லே அளவையாகிவிட்டது. சோழநாட்டில் வேலியின் இருபதில் ஒரு பங்கு மா. செஞ்சி உள்ளிட்ட தொண்டைநாட்டுப் பகுதியில் நூறு குழி ஒரு காணி. 24 அடிக் கோலால் அளந்தால் ஒரு காணி 57,600 சதுர அடி. சோழநாட்டு மாவும் நூறு குழிதான் என்பதால், ஊர்விட்டு ஊர் சென்ற கணக்கன் பெயரை நம்பாமல் குழியையும் கோலையும் கேட்டறிந்தாக வேண்டும். குழிமாற்று என்னும் வாய்பாடு இதற்குத் துணை. நீளமும் அகலமும் கோலால் சொல்லப்பட, குழி எத்தனை என்பதை உடனே கூறும் பயிற்சி அது. 24 கோலும் 16 கோலும் கொண்ட வயல் என்றால் இருபது பதினாறு 320, நாலு பதினாறு 64, ஆக 384 குழி. மூன்று காணியும் 84 குழியும்.

வாய்பாட்டின் அடியில் ஒரு கூட்டுத்தொகை

எண்சுவடி என்பது பெருக்கல் வாய்பாடுகளின் தொகுப்பு. முழு எண்களோடு கீழ்வாய் இலக்கங்களுக்கும் அதில் வாய்பாடு உண்டு. காலைக் காலால் பெருக்க மாகாணி, மாவைக் காலால் பெருக்கக் காணி, காணியைக் காலால் பெருக்க முந்திரி என்பன போல அவை செல்லும். இன்றைய வாய்பாட்டு நூல்களில் இல்லாத ஒரு கூறு எண்சுவடியில் உண்டு. ஒவ்வொரு வாய்பாட்டின் முடிவிலும் அதன் விடைகள் அனைத்தையும் கூட்டிய தொகை தரப்பட்டிருக்கும். இதற்கு அலகுநிலை என்று பெயர். ஏழாம் வாய்பாட்டை ஒன்று முதல் பத்து வரை சொன்னால் விடைகளின் கூட்டுத்தொகை 385. இடையில் 42 என்பதற்கு 43 என்று சொன்னவனின் தொகை 386 ஆகும். பிழை நேர்ந்தது தொகையில் தெரிந்துவிடும். சொல்பவனே தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் இவ்வமைப்பு, கணக்கரின் பேரேட்டில் பத்தியின் அடியில் தொகை வைத்துச் சரிபார்க்கும் வழக்கத்தின் பள்ளிவடிவம் என்று கொள்ளலாம்.

எண்சுவடிக்கு மேற்பட்ட நிலையில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இருந்தன. நிலம், பொன், நெல், அரிசி முதலிய தலைப்புகளில் அவை கணக்கு வழிகளைச் செய்யுளில் தருவன. இக்காலத்தில் கணக்கதிகாரம் என்றதும் பலாப்பழத்தின் முள்ளை எண்ணிச் சுளையைக் கணிக்கும் பகுதியே பேசப்படுகிறது. அது சுவையானதுதான், அதனைக் கொண்டே தமிழர் கணிதத்தை மதிப்பிடுவது வீட்டைப் பார்க்காமல் கோலத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது போன்றது. நாள்தோறும் உழைத்தவை பெயர் பெறாத எளிய வாய்பாடுகள்.

அவற்றைப் பயின்ற முறை பல சான்றுகளால் தெரியவருகிறது. முதலில் மணலில் விரலால் எழுதுதல்; கை திருந்திய பின் ஓலை. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வர். எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் 1789 முதல் பணியாற்றிய ஆண்டுரு பெல், மணலில் எழுதும் வழக்கத்தை உள்நாட்டுப் பள்ளியொன்றில் கண்டே தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அவரது ஏற்பாடு சென்னைமுறை என்ற பெயரில் இங்கிலாந்திலும் பரவியது.

பல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு நுண்ணிய செய்தி உள்ளது. காலையில் முதலில் வரும் சிறுவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் சுழி இடப்படும், புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாக. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று அது வளரும். எண்ணும் வரிசையும் சுழியமும் உடலில் பதிந்த விதம் இது. அடியைப் போற்ற வேண்டியதில்லை. கல்வியின் வன்முறையையும் அதன் நுட்பத்தையும் ஒருசேரக் காட்டும் சான்று என்ற அளவில் இதனைக் கொள்ள வேண்டும்.

அதே கேம்பெல், பொருள் விளங்காமல் ஒப்புவிக்கிறார்கள் என்று குறைகூறியது பேச்சுவழக்கிலிருந்து விலகிய செய்யுள் நூல்களைப் பற்றியே. பின்னர் வந்த கல்வித்துறையினர் அக்குறையை எண்சுவடிக்கும் நீட்டித்தனர். செய்யுளின் பொருள் அறியாமல் அதை ஒப்புவிக்கலாம்; கலத்தில் மாகாணி ஆறு நாழி என்பதைச் சொல்பவன் மாலையில் வீட்டில் அந்த நாழியைக் கண்ணால் காண்கிறான். இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தது முறையன்று.

திண்ணைக்கு வெளியே நின்றவர்

தாமசு மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய விவரங்களின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். மக்கள்தொகை 1,28,50,941. ஏறத்தாழ அறுபத்தெட்டுப் பேருக்கு ஒருவர். வீட்டில் கற்றோரையும் சேர்த்தால் பள்ளி வயதுச் சிறுவரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒருவகைக் கல்வி பெற்றனர் என்று 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் கணித்தார். அக்கால ஐரோப்பிய நாடுகள் பலவற்றோடு ஒப்பிட இது தாழ்ந்ததன்று என்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதே கணக்கெடுப்பில் மாணவியர் 4,540 பேர் மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேற்றில் இறங்கி நட்டு, அறுத்து, கதிரடித்த ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏற இயலாதவர்கள்.

இதன் விளைவு களத்தில் தெரிந்தது. மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, கூம்பாகக் குவித்து அளப்பதா என்பதிலேயே கலத்துக்குச் சில நாழி வேறுபடும். முதல் மரக்காலை ஒன்று என்னாமல் இலாபம் என்று சொல்லித் தொடங்கும் வழக்கம் இன்றும் நினைவில் உள்ளது. யாருடைய இலாபம் என்பது அளப்பவனைப் பொறுத்தது. கூலியாகவோ பங்காகவோ நெல் பெற்றவர் தம் பங்கைக் கண்ணாலும் கையாலும் நன்கு அறிவர். அதனைக் கணக்காகச் சொல்லி வாதிடும் மொழி மட்டும் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. எண்சுவடியின் நுட்பத்தைப் போற்றும் கட்டுரைகள் பல இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. நுட்பமான கணக்கு சிலரிடம் மட்டும் இருக்கும்போது அது அளவுகோலாக மட்டும் இருப்பதில்லை, அதிகாரமாகவும் இருக்கிறது. புதிய பள்ளிக்கூடங்கள் எண்சுவடியை ஒதுக்கியது இழப்பு என்றால், அதே பள்ளிகள் நெடுநாள் போராட்டத்துக்குப் பின்னரேனும் எல்லார் பிள்ளைகளுக்கும் கூட்டல் கழித்தலைக் கொடுத்தது பேறு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

அளவைகள் மாறிய பின்

எண்சுவடி ஒரே நாளில் மறையவில்லை. 1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு நீங்கி உரூபாய்க் கணக்கு நிலைபெற்றபோது கீழ்வாய் இலக்கம் எளிதில் தன்னைப் பொருத்திக்கொண்டது. பதினாறு அணா ஓர் உரூபாய்; ஆகவே அணா என்பது உரூபாயில் மாகாணி. காலணாவும் அரையணாவும் பழைய பெயர்களிலேயே புழங்கின. ஓலையிலிருந்து மலிவு அச்சுக்கு மாறி, கடைத்தெருவில் எண்சுவடி விற்றது.

அதன் அடித்தளத்தை அகற்றியது பாடத்திட்டத்தைக் காட்டிலும் அளவைகளின் மாற்றமே என்பது இக்கட்டுரையின் துணிபு. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தது. 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவைகள் வந்தன. நூறில் பதினாறில் ஒரு பங்கு ஆறேகால். அதற்கு நாணயம் இல்லை. படியும் மரக்காலும் சந்தையை விட்டு நீங்கியபின் நெல்லிலக்கத்தைச் சொன்ன சிறுவன் மாலையில் வீட்டில் காண நாழி இல்லை. உண்மையான வெறும் மனப்பாடமாக எண்சுவடி ஆனது அப்போதுதான். 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவியும் ஒழிக்கப்பட்டது.

இன்று செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டையாக வருகிறது; எடை கிலோவில், விலை உரூபாயில் குறிக்கப்படுகிறது. பட்டாவில் நிலம் எக்டேராகவும் ஏராகவும், பத்திரத்தில் ஏக்கராகவும் சென்ட்டாகவும் எழுதப்படுகிறது. மேல்மலையனூர்ச் சாலையில் நிலம் பேசும் இரு உழவர் இன்றும் காணிக் கணக்கில் பேசுவதைக் கேட்கலாம். ஒரு காணி 132 சென்ட் என்பதை அவர்கள் வாயாலேயே மாற்றிக்கொள்கின்றனர். மூன்றேகால் காணிக்கு 429 சென்ட் என்று சொல்ல அவர்களுக்குக் கருவி எதுவும் தேவைப்படுவதில்லை.